ஜிம்னிக்கு ராக் ஸ்லைடர்: எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கே பிடிமானம் கொடுப்பது?

செம்மண்சாலை (கோவை)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஐந்து கதவு மாருதி ஜிம்னி. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் ஏற்காட்டில் நண்பர் ஒருவருடைய காபித் தோட்டத்துக்குள் போயிருந்தோம். மழைத் தண்ணீர் அறுத்துப் போட்ட பாதை. முன் சக்கரம் ஒரு பாறையைத் தாண்டி இறங்கிவிட்டது. பின் சக்கரம் அதில் ஏறுவதற்குள் வண்டி இடது பக்கமாக வழுக்கியது, கதவுக்குக் கீழே இருக்கும் தகடு அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் பின் கதவுக்கு நேர் கீழே ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே மடங்கியிருந்தது. கதவு திறக்கிறது, ஆனால் மூடும்போது கீழ் விளிம்பு உரசுகிறது.

டிங்கரிங் செய்பவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஒற்றைத் தகடு இல்லைங்க, உள்ளே அடுக்கடுக்காகச் சேர்த்து ஸ்பாட் வெல்டு வைத்திருக்கிறார்கள். வெளியே இழுக்கலாம், ஆனால் பழைய கோடு வராது" என்று சொல்லிவிட்டார். மனசு கேட்கவில்லை.

இனி பக்கவாட்டுக்குக் காவல் இல்லாமல் அந்தப் பாதைக்குப் போவதாக இல்லை. பாறையில் உட்கார்ந்தாலும் கதவடியைக் காக்கும் கனத்த குழாய், அதாவது ராக் ஸ்லைடர், போடப் போகிறேன். ஆக்சசரீஸ் கடையில் கருப்பாக, பெரிய குழாயோடு ஒன்றைக் காட்டி "இதுவும் ஸ்லைடர்தான்" என்கிறார்கள். தட்டிப் பார்த்தேன், டின் மாதிரி சத்தம் வந்தது. எந்தக் குழாய், எத்தனை மிமீ கனம், போல்ட்டா வெல்டிங்கா, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அவர் ஏறி இறங்க ஒரு படி மாதிரியும் அது இருக்க வேண்டும்.

நாலுக்குநாலு (சேலம்)

நல்லவேளை, வாங்குவதற்கு முன்பே கேட்டீர்கள். நான் வாங்கிய பிறகுதான் கேட்டேன்.

என் மஹிந்திரா தார் 2021 மாடல். முதலில் ஒரு கடையில் சைடு ஸ்டெப் போட்டார்கள். பார்க்க அம்சமாக இருந்தது. ஆறாவது வாரம் ஓடைக்கரை ஒன்றில் பாறை இடித்தது. ஸ்டெப் மேல்பக்கமாக மடங்கிக் கதவின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் பக்கக் கதவு திறக்கவில்லை. அடுத்த பக்கம் வழியாக இறங்கி, வின்ச் (வண்டியை இழுக்கும் மோட்டார் உருளை) கயிற்றை ஸ்டெப்பில் கட்டிக் கீழே இழுத்துத்தான் கதவைத் திறந்தோம். ஸ்டெப் இல்லாமல் இருந்திருந்தால் தகட்டில் ஒரு கீறலோடு போயிருக்கும்.

கடையில் குனிந்து அடியில் பாருங்கள். அந்தக் குழாய் எதில் போய் நிற்கிறது? உடம்புத் தகட்டில் ஒரு சின்ன எல் கிளாம்ப், எம்8 போல்ட் என்று இருந்தால் அது மனிதன் ஏறும் படி, அவ்வளவுதான். சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போய் நிற்கிறதா, குழாயைச் சேஸியோடு சேர்க்கும் கால் எத்தனை, காலுக்குப் பின்னால் பிளேட் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். வண்டியையே அதன்மேல் தூக்கி வைக்க முடிந்தால்தான் அது ஸ்லைடர்.

பட்டறைக்காரன் (கோவை)

மேலே சேலத்துக்காரர் சொன்னது முழுக்கச் சரி. நான் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாரும் குழாயைப் பற்றியே கேட்கிறார்கள். உடைவது பெரும்பாலும் குழாய் இல்லை, கால்தான்.

ஜிம்னியின் வெற்று எடை 1,200 கிலோ அளவு. ஒரு பக்கம் முழுக்கப் பாறையில் உட்கார்ந்தால் அதில் பாதி, 600 கிலோ. சேஸியிலிருந்து வெளிக் குழாய் 20 செமீ தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். அந்த 600 கிலோவும் ஒரே காலுக்கு நேராக இறங்கினால், கால் சேஸியோடு சேரும் இடத்தில் ஏறக்குறைய 1,200 நியூட்டன் மீட்டர் வளைக்கும் விசை வரும். 48.3 மிமீ வெளி விட்டம், 3.2 மிமீ கனம் உள்ள சாதாரண எம்எஸ் (மென் எஃகு) குழாய் நிரந்தரமாக வளையாமல் தாங்குவதும் கிட்டத்தட்ட அதே 1,200தான். அதாவது அலுங்காமல் உட்கார்ந்தாலே விளிம்பில் நிற்கிறது. அரை அடி உயரத்திலிருந்து பொத்தென்று விழுந்தால் விசை இதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

அதனால் நான் காலுக்கு வட்டக் குழாய் வைப்பதே இல்லை. 60க்கு 40 செவ்வகக் குழாய், 2.9 மிமீ கனம். 60 மிமீ பக்கம் நின்றபடி வரவேண்டும். மீட்டருக்கு அரை கிலோதான் எடை கூடும், ஆனால் அந்த வட்டக் குழாயைப்போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு தாங்கும். அதையே படுக்கப் போட்டால் பாதி லாபம் போய்விடும். பக்கத்துக்கு மூன்று கால் கட்டாயம். காலின் அடியில் ஒரு முக்கோணத் தாங்கு தகடு (கஸெட்). இவ்வளவும் இருந்தால் வெளிக் குழாய் 3.2 மிமீ போதும்.

குழாய் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். கடையில் "ஒன்றரை இஞ்ச் பைப்" என்று கேட்டால் அவர் எடுத்துத் தருவது 40 என்பி (குழாயின் பெயரளவு). அதன் வெளி விட்டம் ஒன்றரை இஞ்ச் இல்லை, 48.3 மிமீ. ஏ, பி, சி என்று மூன்று ரகம் உண்டு. பி கிளாஸ் 3.2 மிமீ, சி கிளாஸ் 4 மிமீ. மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டை பார்த்து வாங்கலாம் (மஞ்சள் ஏ, நீலம் பி, சிவப்பு சி). ஆனால் பட்டையை மட்டும் நம்பாதீர்கள், கனம் அளக்கும் வெர்னியர் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் டிஓஎம் குழாய் (அச்சுக்கம்பிமேல் இழுத்துச் சீராக்கியது) இங்கே சில்லறையில் சுலபமாகக் கிடைக்காது, அதைத் தேடி அலைய வேண்டாம். நல்ல ஈஆர்டபிள்யூ (தகட்டைச் சுருட்டி ஓரங்களை வெல்டு வைத்த குழாய்) போதும். தையல் ஓடும் கோட்டை மட்டும் வளைவின் வெளிப்புறத்துக்கோ பாறை உரசும் அடிப்பக்கத்துக்கோ வராமல் திருப்பி வையுங்கள்.

ஜிஐ குழாய் வாங்காதீர்கள். துத்தநாகப் பூச்சோடு வெல்டு வைத்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்துவிட்டு ராத்திரி குளிர்காய்ச்சலில் படுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஹஜர்மலை (ராஸ் அல் கைமா)

இங்கே எமிரேட்ஸில் நான் ஓட்டுவது ஜீப் ரேங்ளர் ரூபிகான். ஊர் தேனி. ஹஜர் மலைப் பாறை எப்படி என்றால், பழைய கடலடித் தரையே மேலே தள்ளப்பட்டு வந்த கருங்கல். ஓடையில் உருண்டு வந்ததுகூட முழுசாக மழுங்கியிருக்காது, விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். ஷவ்கா பக்கம் வாடிகளில் (வறண்ட ஓடைகளில்) ஒரு நாள் ஓட்டினால் ஸ்லைடரின் அடியில் பெயின்ட் மிச்சமிருக்காது.

ரூபிகானுக்குக் கம்பெனியே ராக் ரெயில் போட்டுத் தருகிறது. ஆனால் அது சேஸியில் இல்லை, உடம்போடு சேர்த்துப் போல்ட் செய்தது. உடம்பும் ரெயிலும் ஒன்றாக அசைவதால் இடைவெளியே தேவைப்படாமல் ஒட்டி நிற்கும், தரையிலிருந்து உயரம் கெடாது. அதற்கும் ஆதரவாளர்கள் உண்டு. என் அனுபவத்தில் லேசான உரசலுக்கு அது போதும். வண்டி எடையோடு உட்கார்ந்தால் அந்தப் பாரம் தகட்டுக்குத்தான் போகிறது. நான் இரண்டு வருடம் பார்த்துவிட்டுச் சேஸியில் நிற்கும் ஸ்லைடருக்கு மாறிவிட்டேன். ஜிம்னி மாதிரி லேசான தகடு உள்ள வண்டிக்கு சேஸியைத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

ஐந்து கதவு ஜிம்னிக்கு இது மூன்று கதவைவிட முக்கியம். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் இடைவெளி) 2,250லிருந்து 2,590 மிமீ ஆகிவிட்டது, அடி உயரம் அதே 210. அதனால்தான் மேட்டைத் தாண்டும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24க்கு இறங்கியது. நடு வயிறு இடிக்கும் வண்டி உங்களுடையது.

செம்மண்சாலை (கோவை)

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. நேற்று வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சேஸி பெட்டி மாதிரி மூடிய வடிவம், பக்கவாட்டில் அங்கங்கே ஓட்டைகள். உள்பக்கம் பிரேக் பைப், எரிபொருள் பைப் எல்லாம் கிளிப் போட்டு ஓடுகிறது. இப்போது கேள்வி: வெல்டு வைக்கலாமா, போல்ட் போடலாமா? வாரன்டி இன்னும் இருக்கிறது.

நாலுக்குநாலு (சேலம்)

வெல்டுதான். நான்கு வருடமாக என் தாரில் இருக்கிறது, ஒரு விரிசல் இல்லை. முதலில் போல்ட் போட்டது லூசாகிக் கடகடவென்று சத்தம் வந்தது.

பட்டறைக்காரன் (கோவை)

அண்ணா, உங்கள் வண்டியில் வெல்டு வைத்தவர் கைதேர்ந்தவராக இருந்திருப்பார். நான் மறுக்கவில்லை. ஆனால் வாரன்டி உள்ள வண்டிக்கு, அதுவும் முதல் முறை போடுகிறவருக்கு நான் போல்ட்தான் சொல்வேன்.

சேஸித் தகட்டில் வெல்டு வைத்தால், வெல்டு முடியும் கோட்டை ஒட்டிய இடம் சூட்டில் தன்மை மாறிவிடும். மலைப்பாதையில் சேஸி முறுக்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டில்தான் இழுவை விழும். சேஸியின் மேல் முகத்திலும் அடி முகத்திலும் குறுக்காக ஒரு கோடு வெல்டு இழுத்தால், அது விரிசலுக்கு நாமே போட்டுக் கொடுத்த கோடு. வெல்டுதான் வேண்டும் என்றால் பக்கச் சுவரில் மட்டும், 5 மிமீ பிளேட், மூலைகளை வட்டமாகச் சீவி, நீளவாக்கில் வையுங்கள். செங்குத்து ஓரங்களில் வைக்காமல் விடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் மாட்டுங்கள், பம்பரில் மாட்டிவிட்டுக் கரண்ட் தானே வழி தேடிப் போகட்டும் என்று விடாதீர்கள். எரிபொருள் பைப்மேல் ஈரச் சாக்கு, உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு ஒரு ஆள் காவல். தரைத்தகட்டின் மறுபக்கம் ஒட்டியிருக்கும் சத்தத் தடுப்புப் பட்டை புகைந்து தீப்பிடிப்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

போல்ட் என்றால் அதிலும் பிழைகள் உண்டு. பெட்டி வடிவச் சேஸியைக் குறுக்காகத் துளைத்து, போல்ட்டை விட்டு, அப்படியே இறுக்கினால் பெட்டி சப்பிப்போகும். சப்பிப்போகிற வரைக்கும் இறுகுகிற மாதிரியே தெரியும், நூறு கிலோமீட்டரில் லூசாகிவிடும். உங்களுக்கு வந்த சத்தம் அதனால்தான் இருக்கும், சேலத்து அண்ணா. உள்ளே சேஸியின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய ஒரு கனத்த குழாய்த் துண்டு விட்டு, அதற்குள் போல்ட் போனால் பாரத்தை அந்தத் துண்டு வாங்கிக்கொள்ளும். நான் இதை 'பூஷ்' என்றே சொல்வேன். துளைக்கவே மனமில்லை என்றால் சேஸியின் வெளிப்பக்கம் ஒரு பிளேட், உள்பக்கம் ஒரு பிளேட், சேஸிக்கு மேலேயும் கீழேயும் இரண்டிரண்டு போல்ட். சேஸியை இரண்டு உள்ளங்கையால் பிடித்த மாதிரி இருக்கும். கம்பெனி ஓட்டை ஏதாவது ஒன்றிலும் ஒரு போல்ட் போய்விட்டால் முன்னும் பின்னும் நகராது.

ரிவ்நட் (துளைக்குள் விட்டு நசுக்கிப் பிடிக்க வைக்கும் நட்) போட்டு மாட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். பாறைமேல் உட்காரும் பொருளுக்கு ரிவ்நட்டை மட்டும் நம்பக்கூடாது.

போல்ட் எம்12, தலையில் 8.8 என்று வலிமை ரகம் பொறித்தது. எண்ணெய் தடவாமல் 80 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால்) இறுக்குங்கள்.

நாலுக்குநாலு (சேலம்)

சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். முதலில் எனக்குப் போட்டதில் பூஷ் இல்லை. இப்போதுதான் காரணம் புரிகிறது.

ஓசூர்_கூர்க்கா

இடையில் ஒன்று. சட்டம் பற்றி யாரும் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதே பிரிவைச் சுட்டித்தான் முன்பக்கக் கம்பி பம்பர்களுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அது நியாயமும்கூட. ஸ்லைடர் நேராக அந்தப் பட்டியலில் வருகிறதா இல்லையா என்று இங்கே அடித்துச் சொல்ல யாராலும் முடியாது, சாலையில் நிறுத்தும் அதிகாரியின் பார்வையைப் பொறுத்தும் இருக்கிறது. நான் பின்பற்றுவது இதுதான்: டயரின் வெளி முகத்தைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது, முனை எதுவும் கூர்மையாகத் திறந்து இருக்கக்கூடாது, கழற்ற முடிகிற மாதிரி இருக்க வேண்டும், இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அதோடு, ஸ்லைடர் போட்டுவிட்டோம் என்று காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அனுமதி இல்லாமல் உள்ளே போனால் வனத்துறை வழக்கு வரும், வரவும் வேண்டும். ஏற்காட்டில் தோட்டக்காரர் அனுமதியோடு போனீர்கள் பாருங்கள், அப்படிப் போங்கள்.

மலைக்காற்று (உதகை)

செம்மண்சாலை அண்ணா, நானும் ஐந்து கதவு ஜிம்னிதான் ஓட்டுகிறேன். எடையைக் கவனியுங்கள். நம் வண்டியின் அதிகபட்ச மொத்த எடை 1,545 கிலோ. மேல் ரகத்தின் வெற்று எடை 1,210. மிச்சம் 335 கிலோதான். நான்கு பெரியவர்கள் உட்கார்ந்தாலே 280, 300 ஆகிவிடும். சி கிளாஸ் குழாய், மேலே முழு நீளத் தகடு, ஆறு கால் என்று போட்டுக்கொண்டே போய், இரண்டு பக்கமும் சேர்த்து 60 கிலோ தொட்டவர்களைத் தெரியும். வின்ச், ரூஃப் ரேக் எல்லாம் அப்புறம் எங்கே வைப்பது? மலையிறக்கத்தில் பிரேக்குக்குத்தான் அந்தப் பாரம்.

நான் போட்டது பட்டறைக்காரர் சொல்கிற மாதிரிதான். 3.2 மிமீ, பக்கத்துக்கு இரண்டு குழாய், மூன்று கால். பிளேட், போல்ட் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் 18 கிலோ வந்தது.

அம்மா ஏறும் படி விஷயம். ஸ்லைடரை நிறையப் பேர் 15, 20 டிகிரி மேல்நோக்கித் தூக்கி வைப்பார்கள். பாறைக்கு அது நல்லது, வயிற்றுக்குக் கீழே எதுவும் தொங்காது. ஆனால் மழையில் அந்தச் சாய்வில் செருப்புக் கால் நிற்காது. என் மாமியாரும் அதே வயதுதான், அவருக்காக நான் சாய்வை 10 டிகிரிக்குக் குறைத்தேன். உள் குழாய்க்கும் வெளிக் குழாய்க்கும் நடுவில் பாதம் வைக்கிற அகலத்துக்கு, வழுக்காமலிருக்கப் புடைப்பு உள்ள செக்கர்டு பிளேட், கதவுக்கு நேராக மட்டும். பிளேட்டில் ஓட்டைகள் போட்டுவிட்டால் சேறு தங்காது. இந்த உயரத்தை உங்கள் அம்மாவை ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம்.

செம்மண்சாலை (கோவை)

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு" என்றார்.

அடுத்த வாரம் பட்டறைக்குப் போகிறேன்.

செம்மண்சாலை (கோவை)

வேலை முடிந்தது. மூன்று நாள் ஆனது. யாருக்காவது உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் முழுக்க அட்டைதான். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டிச் சேஸியின் பக்கத்தில் ஒட்டவைத்து, கம்பெனி ஓட்டைகளைப் பென்சிலால் குறித்து, பிளேட்டுக்கு அச்சு எடுத்தோம். மூன்று காலுக்கும் மூன்று விதமான அட்டை. நடுவில் ஒரு இடத்தில் பிரேக் பைப் கிளிப் குறுக்கே வந்ததால் உள் பிளேட்டில் அரை வட்டம் வெட்ட வேண்டியிருந்தது. அட்டையில் கண்டுபிடித்ததால் கத்தரிக்கோலோடு போயிற்று. 6 மிமீ பிளேட்டை வெட்டிய பிறகு தெரிந்திருந்தால் அரை நாள் போயிருக்கும்.

வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து அளவெடுக்க வேண்டாம் என்று சொன்னார்கள். நான்கு சக்கரத்திலும் எடை நிற்கும்போதுதான் உடம்பும் சேஸியும் அதனதன் இடத்தில் இருக்கும். அதனால் சர்வீஸ் பள்ளத்தின்மேல் நிறுத்தி அடியிலிருந்து செய்தோம். ஸ்லைடரின் உள் குழாய்க்கும் கதவடித் தகட்டின் விளிம்புக்கும் நடுவில் 25 மிமீ மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு டேக் வெல்டு (தற்காலிகப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்தோம். உடம்பு ரப்பர் மவுண்ட்மேல் நிற்பதால் முறுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க இந்த இடைவெளி. டேக் வைத்த நிலையிலேயே நான்கு கதவையும் திறந்து மூடினோம். பின் கதவு கீழே கொஞ்சம் நெருங்கியது, வெளிக் குழாயை 8 மிமீ இறக்கினோம். பிறகு கழற்றி மேசைமேல் வைத்து, வெல்டில் குழாய் இழுத்துக்கொள்ளாமல் இருக்க இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாகச் சிஓ2 வெல்டு.

பின் முனையில் வெளிக் குழாயை இரண்டு விரல் அளவு வெளியே வளைத்திருக்கிறோம். திருப்பத்தில் மரமோ பாறையோ ஸ்லைடரோடு உரசிக்கொண்டே வந்து, முடியும் இடத்தில் பின் சக்கர வளைவின் தகட்டில் பாயாமல் அது தள்ளிவிடும். டயர் முகத்துக்கு உள்ளேயேதான் நிற்கிறது, ஓசூர் நண்பர் சொன்னபடி.

அப்புறம் சோதனை. இதைத்தான் எல்லாரும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். இடது ஸ்லைடரின் நடுவில் ஜாக்கை வைத்து, வலது பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இடது பக்கம் இரண்டு சக்கரமும் தரையை விடும்வரை தூக்கினார்கள். எனக்கு வயிறு கலங்கியது. 25 மிமீ இடைவெளி 22 ஆனது. ஐந்து நிமிடம் அப்படியே நிறுத்தினார்கள். இறக்கியபிறகு அளந்தால் மறுபடி 25. பட்டறையில் இருந்த பெரியவர், "திரும்பி வந்தால் சரி. 24ல் நின்றிருந்தால் ஏதோ ஒன்று வளைந்துவிட்டது என்று அர்த்தம்" என்றார். வலது பக்கமும் அதேபோல.

இரண்டும் சேர்த்து எடை 37 கிலோ.

பட்டறைக்காரன் (கோவை)

ரொம்பத் திருத்தமான வேலை. 3 மிமீ இறங்கியதில் பாதிக்குமேல் சேஸி முறுக்கிக்கொண்டதாகத்தான் இருக்கும், ஸ்லைடர் வளைந்தது இல்லை.

பெயின்ட் என்ன அடித்தீர்கள்? பவுடர் கோட்டிங் என்றால் முதல் பாறையில் தோல் மாதிரி உரியும், உரிந்த விளிம்புக்கு அடியில் ஈரம் புகுந்து வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். அதைவிட ரெட் ஆக்சைடு இரண்டு கை, மேலே கருப்பு எனாமல். உரசினால் பிரஷ் எடுத்து நீங்களே தொட்டுவிடலாம். குழாய் முனைகளை முழுக்க மூடினார்களா? மூடிய குழாயில் ஊசித்துளை இருந்தால்கூடத் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியே போக வழியிருக்காது. ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த இடத்திலும் 6 மிமீ துளை ஒன்று வையுங்கள்.

செம்மண்சாலை (கோவை)

ரெட் ஆக்சைடும் எனாமலும்தான். துளை வைக்கவில்லை, நாளைக்கே போட்டுவிடுகிறேன்.

ஹஜர்மலை (ராஸ் அல் கைமா)

போல்ட்டை 100 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500ல் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். இறுக்கியதும் நட்டிலிருந்து பிளேட் வரைக்கும் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த தடவை அடியில் படுத்துப் பார்த்தால் கோடு உடைந்திருக்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரியும். நட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் அது நசுங்கி லூசாகும், அந்த இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள்.

ஓட்டும் விதத்திலும் ஒன்று. ஸ்லைடர் வந்துவிட்டது என்று பாறையை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடாதீர்கள். முன்போலவே டயரைத்தான் பாறைமேல் ஏற்ற வேண்டும். வழுக்கினால் தாங்குவதற்குத்தான் ஸ்லைடர். லோ ரேஞ்சில் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான கியர் வரிசையில்) முதல் கியரில், வெளியே ஒருவர் நின்று கை காட்ட, உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். வேகமாக இழுத்தால் பாறை குழாயை உருட்டிக் காலில்தான் வந்து இடிக்கும்.

செம்மண்சாலை (கோவை)

ஞாயிற்றுக்கிழமை அதே தோட்டம், அதே பாறை. நண்பர் வெளியே நின்று கை காட்டினார். இந்தத் தடவையும் பின் சக்கரம் ஈரத்தில் இடது பக்கம் வழுக்கியது. டங் என்று ஒரு சத்தம், வண்டி ஒரு நொடி நின்றது. பிறகு ஸ்லைடர்மேலேயே சறுக்கி, பின் சக்கரம் பாறையைப் பிடித்து ஏறிவிட்டது. நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே அடிப்பக்கம் ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட் போய் வெள்ளி மாதிரி பளபளக்கிறது. குழாயில் பள்ளம் இல்லை. இடைவெளி 25 மிமீ அப்படியே இருக்கிறது. நான்கு கதவும் சுத்தமாக மூடுகின்றன (பின் கதவு விளிம்பைப் போன வாரமே நிமிர்த்தியாயிற்று).

100 கிலோமீட்டரில் பார்த்தபோது பின்காலில் இரண்டு நட் கால் சுற்று ஏறியது. மற்றதெல்லாம் இருந்த இடத்தில். வெள்ளைக் கோடு போட்டாயிற்று.

அம்மா நேற்று கோவிலுக்கு அந்தப் படியில் கால் வைத்துத்தான் ஏறினார். இறங்கும்போது கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி இறங்கினார். என் கையைக் கேட்கவில்லை.

வைகைக்கரை (மதுரை)

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன் அண்ணே. என்னிடமும் ஐந்து கதவு ஜிம்னிதான். அந்த அட்டை அச்சு இன்னும் வைத்திருக்கிறீர்களா?

செம்மண்சாலை (கோவை)

வைத்திருக்கிறேன். மூன்றையும் சுருட்டி மதுரை பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எது முன்கால், எது நடுக்கால் என்று அட்டையிலேயே எழுதியிருக்கும். பிளேட் வெட்டும் முன் உங்கள் வண்டியில் வைத்து ஓட்டைகள் நேராக வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள், முக்கியமாக அந்த அரை வட்டம். வேலை முடிந்ததும் அட்டையைத் திருப்பி அனுப்பினால் போதும், உதகையிலிருந்து இன்னொருவர் கேட்டிருக்கிறார்.